ஹாவார்டிற் புகுந்த ஸ்பானிய மொழி

பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்திட்டத்திற் புதிய மொழி ஒன்று இடம்பெறுதல் சிறிய செய்தியாகவே தோன்றும். பட்டம் பெறுதற்கு இன்றியமையாததெனக் கருதப்படாத மொழியாயின் அதனைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. ஆயினும், பழைய கல்லூரியொன்றின் கதவு அத்தகைய மொழியொன்றினாலே திறக்கப்பட்டதுமுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஹாவார்ட் கல்லூரியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்பானிய மொழி கற்பிக்கப்பட்ட வரலாறு அத்தகையது.

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் இலத்தீனும் கிரேக்கமும் கணிதமுமே கல்வியெனப் போற்றப்பட்டன. வாழும் மொழிகளைக் கற்க விரும்பியோர் தனியாசிரியரை நாடினர். ஸ்பானிய மொழியின் அருமையை முன்னரே உணர்ந்தவர்களுள் ஒருவர் தொமஸ் ஜெபர்சன். 1787இல் தம் சகோதரியின் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அம்மொழியிற் பெரிதும் கருத்தூன்றுமாறு அவர் அறிவுறுத்தினார். ஸ்பெயினோடும், தெற்கேயிருந்த ஸ்பானிய நாடுகளோடும் அமெரிக்காவுக்குத் தொடர்பு வளரும் என்பதும், அமெரிக்கக் கண்டத்தின் பழைய வரலாற்றிற் பெரும்பகுதி அம்மொழியிலேயே எழுதப்பட்டது என்பதும் அவர் கண்ட காரணங்கள்.

ஹாவார்டில் இதற்கு வழிகோலியவர் ஒரு வணிகர். பொஸ்டன் நகரைச் சேர்ந்த அபையேல் சிமித் என்பவர் 1815இல் இறந்தபோது, பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளுக்குப் பேராசிரியர் ஒருவரை நியமித்தற்கென 20,000 டொலரைத் தாம் பயின்ற அக்கல்லூரிக்கு விட்டுச் சென்றார். பொஸ்டன் நகரத்துக் கறுப்பினச் சிறுவரின் கல்விக்குப் பொருளுதவியவரும் அவரே. பணம் கிடைத்தது, ஆனால் அப்பதவிக்குத் தகுந்தவரை எங்கே தேடுவது?

கல்லூரியார் தெரிந்தெடுத்தவர் ஜோர்ஜ் டிக்நோர் என்னும் இளைஞர். 1791இற் பொஸ்டனிற் பிறந்த இவர், சட்டத் தொழிலைச் சிறிது காலம் நடத்திப் பின் கைவிட்டவர். ஜேர்மன் மொழியைக் கற்க விரும்பியபோது, பொஸ்டன் நகரில் இவருக்கு நல்லாசிரியர் கிடைத்திலர். இலக்கண நூலை ஒருவரிடம் இரவல் பெற்றார். அகராதிக்கோ அயல் மாநிலத்துக்கு ஆளனுப்ப வேண்டியிருந்தது. இத்தகைய வறட்சியிலிருந்து புறப்பட்டு, 1815இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், அங்கே ஏறத்தாழ இரண்டு இலட்சம் நூல்கள் கொண்ட நூலகத்தைக் கண்டு வியந்தார். தம் நாட்டுக் கல்லூரிகள் எவ்வளவு பின்தங்கியுள்ளன என்ற எண்ணம் அவர் உள்ளத்தை வருத்தியது. அவ்வேளையிலேதான் ஹாவார்டின் அழைப்பு வந்தது. 1817இல் அவர் அதனை ஏற்றார்.

ஏற்றவருக்கு ஒரு குறை இருந்தது. ஸ்பானிய மொழியில் அவருக்குப் போதிய புலமை இல்லை. எனவே 1818இல் ஸ்பெயினுக்குச் சென்றார். பார்சலோனாவிலிருந்து மட்ரிட் வரை பதின்மூன்று நாட் பயணம், பாதையோ கரடுமுரடானது. கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் இருந்தவாறே, 'டொன் கிஹோத்தே' என்னும் பெருங்கதையை உடன்சென்ற ஸ்பானியர்களுக்கு உரக்க வாசித்தார். அந்நாட்டவர் அதனைக் கேட்டுச் சிறுவர்போல் மகிழ்ந்தனர். மட்ரிட் நகரில் அறிஞர் ஹோசே அன்ரோனியோ கொண்டே நாள்தோறும் வந்து, பழைய ஸ்பானியக் கவிதைகளை அவரோடு வாசித்தார். கற்பிக்க வேண்டிய ஆசிரியர் இவ்வாறு முதலில் மாணாக்கரானார்.

1819 ஆகஸ்ட் மாதத்தில் டிக்நோர் ஹாவார்டிற் பதவியேற்றார். மொழியின் தொடக்கப் பாடங்களைப் பிரான்சிஸ் சேல்ஸ் என்னும் ஆசிரியர் நடத்தினார். பிரான்சின் தென்கோடியிற் பிறந்த அவர் நெடுங்காலம் அக்கல்லூரியிலே தொண்டாற்றியவர். மாணாக்கர் பயிலும்பொருட்டு 1836இல் 'டொன் கிஹோத்தே'யைப் பொஸ்டனிலே பதிப்பித்தவரும் அவரே. இலக்கிய வரலாற்றை விரிவுரைகளாக நிகழ்த்துதல் டிக்நோரின் பணியாயிற்று. 1823இல் அவ்விரிவுரைகளின் சுருக்கத்தை நூலாகவும் வெளியிட்டார்.

விரிவுரை நிகழ்த்தத் தொடங்கியதும், கல்லூரியின் உண்மை நிலையை அவர் கண்டார். ஓராண்டு மாணாக்கர் யாவரும் பெயரின் அகரவரிசைப்படி பிரிக்கப்பட்டு, ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் ஒப்புவித்தனர். விரைந்து கற்கக்கூடியவன் காத்திருந்து சலித்தான்; மெதுவாகக் கற்பவன் விளங்காமலே இழுத்துச் செல்லப்பட்டான். ஆசிரியரோ கற்பிப்பதை விட்டு, பாடம் மனனஞ்செய்யப்பட்டதா என்று சோதிக்கும் காவலராயினர். ஒழுங்கும் சீர்குலைந்தது. 1823இல் நிகழ்ந்த கலகத்தின் விளைவாக, பட்டம் பெறவிருந்த எழுபது மாணாக்கருள் 43 பேர் வெளியேற்றப்பட்டனர்.

இக்கேட்டைத் தீர்த்தற்கு டிக்நோர் முன்வைத்த வழிகள் எளியவை. மாணாக்கரை அவரவர் முன்னேற்றத்துக்கு ஏற்ப வகுத்தல் வேண்டும். பாடங்களைத் துறைகளாகப் பிரித்தல் வேண்டும். சில பாடங்களிலேனும் மாணாக்கர் தாமே தெரிவுசெய்ய இடமளித்தல் வேண்டும். 1825இல் வகுக்கப்பட்ட கல்லூரி விதிகளில் இவற்றுட் பல இடம்பெற்றன. ஆனால் ஏனைய ஆசிரியர்கள் இம்மாற்றத்தை விரும்பினாரல்லர். சில ஆண்டுகளுள் அவர்கள் பழைய வழிக்கே திரும்பினர். புதிய முறை நிலைத்து நின்ற இடம் ஒன்றே. அது டிக்நோரின் வாழும் மொழித் துறை.

அங்கு அது நிலைபெற்றமைக்குக் காரணம் உண்டு. மொழிக் கல்வியிற் போலித்தனம் நெடுநாள் நில்லாது. ஒருவன் ஒரு பக்கத்தை வாசித்துப் பொருள் கூறத் தொடங்கியதுமே, அவன் எவ்வளவு கற்றான் என்பது வெளிப்படும். ஆதலின் வயதும் வகுப்பும் அங்கே பயன்படாமற் போயின. மேலும், கட்டாயமின்றி வந்த மாணாக்கன் கற்கும் விருப்போடு வந்தான். 1832இற் பொஸ்டன் நகரில் வாழும் மொழிகளைக் கற்பிக்கும் முறை பற்றி உரையாற்றிய டிக்நோர், எல்லார்க்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்பதையே வலியுறுத்தினார். சிறுவனுக்குக் காதினாலும் பழக்கத்தினாலும் வருவது, முதிர்ந்தவனுக்கு இலக்கணத்தின் துணையால் வருதல் கூடும் என்பது அவர் கருத்து.

எனினும் ஒரு துறையில் வென்று, கல்லூரி முழுவதிலும் தோற்ற மனச்சோர்வு அவரைப் பற்றியது. 1834இல் ஐந்து வயது மகனையும் பறிகொடுத்தார். 1835இல் பதவியைத் துறந்தார். அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் கவிஞர் லோங்பெலோ. முன்னர் வேறொரு கல்லூரியில் ஸ்பானிய மொழி கற்பிக்கும்போது தகுந்த பாடநூல் கிடைக்காமையால் தாமே ஒன்றைத் தொகுத்தவர் அவர்.

டிக்நோரின் உழைப்பு வீணாயிற்றா? ஒரு நண்பரின் வாழ்வே இதற்கு விடை கூறும். வில்லியம் பிரெஸ்கொட் என்பவர் ஹாவார்டிற் பயின்ற காலத்தில், உணவுச்சாலையில் விளையாட்டாக எறியப்பட்ட காய்ந்த பாண் துண்டு கண்ணிற்பட்டு, ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மற்றைய கண்ணும் பின்னர் நோயுற்றது. அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று, 1824இல் டிக்நோர் தம் ஸ்பானிய இலக்கிய விரிவுரைகளை வாசித்துக் காட்டினார். கேட்டவர் அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். அவ்வார்வம் வளர்ந்து, பேடினந்து, இசபெல்லா ஆகியோரின் ஆட்சி பற்றிய வரலாறாகவும், 1843இல் மெக்சிக்கோ வெற்றி பற்றிய வரலாறாகவும் மலர்ந்தது. ஜெபர்சன் எதிர்பார்த்தவாறே, கண்டத்தின் பழைய வரலாறு ஸ்பானிய ஏடுகளிலிருந்து வெளிவந்தது.

டிக்நோர் தாமும் ஓய்ந்திருந்தாரல்லர். 1849இல் மூன்று தொகுதிகளாக ஸ்பானிய இலக்கிய வரலாற்றை வெளியிட்டார். ஸ்பெயின் நாட்டறிஞரே அதனைத் தம் மொழியிற் பெயர்த்துக்கொண்டனர். இளமையில் ஓர் அகராதிக்கு அலைந்த அவர், பொஸ்டன் பொது நூலகத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். தாம் அரிதிற் சேர்த்த ஸ்பானிய, போத்துக்கேய நூல்களையும், ஏறத்தாழ 4,000 தொகுதிகளை, அந்நூலகத்துக்கே விட்டுச் சென்றார்.

1869இல் சாள்ஸ் எலியட் ஹாவார்டின் தலைவரானார். அவர் டிக்நோரின் மனைவிக்குச் சகோதரர் மகன். மாணாக்கர் தாமே பாடங்களைத் தெரிவுசெய்யும் முறையை அவர் கல்லூரி முழுவதிலும் பரப்பத் தொடங்கினார். 1871 ஜனவரியிற் காலமான முதியவர், தாம் ஒரு துறையில் ஊன்றிய விதை முளைவிடுவதை மட்டும் கண்டார். தம் வகுப்பறையில் நல்ல முறையொன்றைப் பேணி நிற்கும் ஆசிரியர் அதன் விளைவைக் காணாமலே ஓய்வு பெறலாம். ஆயினும், எல்லோரும் கைவிட்ட பின்னும் அம்முறை ஓரிடத்திலேனும் உயிரோடிருந்தமையாலேயே, அது பின்வந்தோர் கையில் எட்டியது.