வீடியோவை வெட்டவும் மாற்றவும்: கட்டற்ற மென்பொருள்களின் கதை

கைப்பேசியில் எடுத்த வீடியோவின் ஓரத்தை நறுக்கி, வேறு வடிவத்துக்கு மாற்றி நண்பனுக்கு அனுப்ப இன்று ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்னால், சம்பளம் வாங்காமல் நிரல் எழுதிய பலரின் உழைப்பும் சில சண்டைகளும் இருக்கின்றன.

டப்பாவும் சாப்பாடும்

ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்பவை வெறும் டப்பாக்கள். உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிப்பது கோடெக். இந்தச் சுருக்கம் இல்லாமல் வீடியோ இல்லை. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படம், நொடிக்கு 25 சட்டகம் என்று கணக்கிட்டால் ஒரு நொடிக்குச் சுமார் 31 மெகாபைட் வருகிறது. 700 மெகாபைட் குறுந்தட்டில் அரை நிமிடம்கூட அடங்காது.

அதனால் கோடெக்குகள் எல்லாச் சட்டகத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுச் சட்டகம், அதற்குப் பிறகு மாற்றங்கள் மட்டும். நீளத்தை வெட்டுவதற்கும் ஓரத்தை நறுக்குவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. முழுச் சட்டகம் இருக்கும் இடத்தில் வெட்டினால் தரம் குறையாமல் அப்படியே நகலெடுக்கலாம். ஓரத்தை நறுக்கினாலோ படம் முழுவதையும் விரித்து மறுபடி சுருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் தரம் கொஞ்சம் போகும்.

ஒரு மாணவரும் ஒரு தொலைபேசி அழைப்பும்

விண்டோஸ் பயனர்கள் பலருக்கு முதலில் கைகொடுத்தது வெர்ச்சுவல்டப். ஏவரி லீ என்பவர் கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதியது. ஜிபிஎல் உரிமத்தில் வெளியானதால் யாரும் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். பழைய விஎச்எஸ் நாடாவைப் பதிவு செய்தால் படத்தின் அடிவிளிம்பில் கோணல் கோடுகள் தெரியும். அவற்றை நீக்க வெர்ச்சுவல்டப்பில் ஒரு வேடிக்கையான வழி இருந்தது. எதையுமே செய்யாத 'நல் டிரான்ஸ்ஃபார்ம்' என்ற வடிகட்டியைச் சேர்த்து, அதில் இருக்கும் நறுக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அந்த மென்பொருள் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்எஃப் கோப்புகளையும் திறந்தது. லீ அந்த வடிவத்தைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டிலிருந்து அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் செய்தி கசப்பானது: ஏஎஸ்எஃப்புக்குக் காப்புரிமை உண்டு, தானே கண்டுபிடித்திருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. லீ அந்த வசதியை நீக்கிவிட்டார். தன் கணினியில் இருக்கும் கோப்பைத் திறக்கவும் இன்னொருவரின் அனுமதி வேண்டுமா என்ற கேள்வி அன்று பலருக்கு எழுந்தது.

பெயரைத் திருப்பிப் போட்டவர்கள்

பிரான்ஸைச் சேர்ந்த ஜெரோம் ரோட்டா, மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக்கை மாற்றியமைத்து டிவ்எக்ஸ் என்று வெளியிட்டார். பிறகு நிறுவனம் தொடங்கி, 2001இல் ஓப்பன்டிவ்எக்ஸ் மூல நிரலைப் பொதுவில் வைத்தார்கள். அதே ஆண்டில் அந்தக் கதவு மூடப்பட்டது. வெளியே இருந்து உழைத்த நிரலாளர்கள் கையில் இருந்த நிரலோடு தனியே கிளம்பினார்கள். DivX என்ற ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் வருவதுதான் அவர்கள் வைத்த பெயர்: எக்ஸ்விட்.

எஃப்எஃப்எம்பெக்

இந்தக் கதையின் நடுநாயகம் 2000இல் பிறந்த எஃப்எஃப்எம்பெக். தொடங்கியவர் பிரான்ஸின் ஃபாப்ரிஸ் பெல்லார்ட். பெயரில் உள்ள இரண்டு எஃப்களும் 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' என்பதைக் குறிக்கும். இதற்குச் சன்னல்களும் பொத்தான்களும் கிடையாது; கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நறுக்குவதற்கு நான்கு எண்கள்: அகலம், உயரம், இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு. கறுப்புப் பட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தானே அளந்து சொல்லும் வடிகட்டியும் உண்டு.

2004 முதல் மைக்கேல் நீடர்மேயர் திட்டத்தை நடத்தினார். 2011 ஜனவரியில் அவர் நடத்தும் விதம் பிடிக்காத ஒரு குழு பொறுப்பைக் கையில் எடுத்தது. பெயரின் உரிமை பெல்லார்டிடம் இருந்தது; அவர் நீடர்மேயர் பக்கம் நின்றார். மார்ச் மாதம் அந்தக் குழு லிபாவ் என்ற பெயரில் பிரிந்தது. டெபியனும் உபுண்டுவும் லிபாவை ஏற்றன. உபுண்டுவில் எஃப்எஃப்எம்பெக் கட்டளையைக் கொடுத்தவர்களுக்கு 'இந்த நிரல் வழக்கொழிந்தது' என்ற அறிவிப்பு வந்தது. உண்மையில் எஃப்எஃப்எம்பெக் உயிரோடுதான் இருந்தது. விவரம் தெரியாத பலர் அது செத்துவிட்டதாகவே நம்பினார்கள்.

நீடர்மேயர் சளைக்கவில்லை. லிபாவில் நடந்த திருத்தங்களையும் தொடர்ந்து தன் பக்கம் சேர்த்துக்கொண்டே இருந்தார். கட்டற்ற உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. 2015இல் இரு விநியோகங்களும் எஃப்எஃப்எம்பெக்குக்குத் திரும்பின. அதே ஆண்டு அவர் தலைமையிலிருந்து விலகினார். பிரிந்தவர்கள் மீண்டும் சேர அது வழிவிடும் என்று எண்ணினார். லிபாவ் பின்னர் மெல்ல ஓய்ந்தது.

முடிவாக

வெர்ச்சுவல்டப்பின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. எஃப்எஃப்எம்பெக்கோ எண்ணற்ற மென்பொருள்களுக்குள் ஒளிந்து வேலை செய்கிறது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் தரையிறங்கும் காட்சிகளைச் சுருக்கவும் அதுதான் உதவியது. நிறுவனம் கதவை மூடினாலும், குழு இரண்டாகப் பிரிந்தாலும், மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் வேலை நிற்கவில்லை. இலவசமாகக் கிடைத்தது என்பதைவிட, யாராலும் திரும்பப் பறிக்க முடியாதபடி கிடைத்தது என்பதே இந்த மென்பொருள்களின் பெருமை.