ஓடிபி யாரைக் காக்கிறது? இணைய அட்டைப் பரிவர்த்தனையில் அடையாளச் சரிபார்ப்பும் இழப்பின் பொறுப்பும்

இணையக் கடைகள் தொடங்கிய நாட்களில், ஓர் அட்டையைப் பயன்படுத்த அதன் மேல் அச்சிட்டிருந்த விவரங்களே போதும்: 16 இலக்க எண், காலாவதித் தேதி, சில கடைகளில் பின்பக்கத்து சிவிவி. அட்டையை ஒரு நிமிடம் கையில் வாங்கிய உணவக ஊழியரையும் அதன் உரிமையாளரையும் வேறுபடுத்திப் பார்க்கக் கடையிடம் வழியே இல்லை. பிரிட்டனில் 2006 பிப்ரவரியில் சிப் அட்டையோடு 'பின்' (PIN) எண் இடுவது கட்டாயமானதும், போலி அட்டையோடு கடைக்குப் போவது கடினமாயிற்று. மோசடிக்காரர்கள் இணையத்துக்கும் தொலைபேசி ஆர்டருக்கும் நகர்ந்தார்கள். அட்டையை நேரில் காட்டாத பரிவர்த்தனைகளில் 2008இல் மட்டும் அங்கே ஏற்பட்ட மோசடி இழப்பு சுமார் 32.8 கோடி பவுண்டு.

அட்டைதாரர் அடையாளச் சரிபார்ப்பு இந்த ஓட்டையை அடைக்க வந்தது. அது இணையப் பரிவர்த்தனையைப் பாதுகாப்பாக்கியிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஏற்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இரண்டு நிபந்தனைகளைச் சார்ந்தது. அட்டைதாரர் தரும் ஒப்புதல் குறிப்பிட்ட தொகையோடும் வணிகரோடும் அவருக்குப் புரியும்படி பிணைக்கப்பட வேண்டும். சரிபார்ப்பு ஏமாற்றப்பட்டால் இழப்பை யார் சுமப்பது என்பது நியாயமாகத் தீர்மானிக்கப்பட வேண்டும். இந்தியாவில் முதல் நிபந்தனை பாதிதான் நிறைவேறியிருக்கிறது. இரண்டாவது இன்னும் தீராத வழக்கு.

வங்கியே கேட்கும் கேள்வி

விசாவும் மாஸ்டர்கார்டும் 1990களின் நடுவில் 'செட்' என்ற முறையை முன்வைத்தன. வாங்குபவரின் கணினியில் தனி மென்பொருளும் டிஜிட்டல் சான்றிதழும் இருக்க வேண்டும் என்றது அது. ஒரு புத்தகம் வாங்க அவ்வளவு மெனக்கெட யாரும் தயாராக இல்லை. செட் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு 2001இல் விசா கொண்டுவந்ததுதான் '3டி செக்யூர்'.

அதன் செயல்பாட்டை ஒரு ரயில் டிக்கெட்டில் பார்க்கலாம். பயணி அட்டை எண்ணை இட்டதும், வணிகரின் பேமெண்ட் கேட்வே அதை விசா அல்லது மாஸ்டர்கார்டின் அடைவு சர்வருக்கு அனுப்புகிறது. அந்த சர்வர், அட்டையை வழங்கிய வங்கியின் சரிபார்ப்பு சர்வரைக் கண்டுபிடித்துத் தருகிறது. வங்கி பயணியிடம் நேரடியாகக் கேள்வி கேட்கிறது. அவர் இடும் ரகசிய எண் வங்கிக்குப் போகிறதே தவிர வணிகருக்குப் போவதில்லை. 'இவர்தான் உரியவர்' என்று உறுதிசெய்யும் மறைகுறியீடு ஒன்று மட்டும் வணிகருக்குத் திரும்புகிறது. பணம் கேட்கும் செய்தியில் அந்த மறைகுறியீட்டோடு ஓர் இரண்டிலக்க எண்ணும் செல்கிறது. விசாவில் 05 என்றால் முழுச் சரிபார்ப்பு நடந்தது, 07 என்றால் நடக்கவில்லை.

அந்த இரண்டு இலக்கங்களுக்குப் பின்னால் பெரும் பணம் இருக்கிறது. 07 என்றிருந்து அட்டைதாரர் 'நான் வாங்கவில்லை' என்றால் நஷ்டம் வணிகருக்கு. 05 என்றிருந்தால் பொதுவாக வங்கிக்கு. வணிகர்கள் இம்முறையை ஏற்றதற்கு இந்தப் பொறுப்பு மாற்றமே முக்கியக் காரணம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஸ்டீவன் மர்டாக்கும் ராஸ் ஆண்டர்சனும் 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் சுட்டியது. முகவரிப் பட்டை இல்லாத பெட்டிக்குள் ரகசியச் சொல்லைக் கேட்பது, பொருள் வாங்கும் அவசரத்தில் பதிவுசெய்ய வைப்பது போன்ற வடிவமைப்புக் குறைகளை அவர்கள் அடுக்கினார்கள். பொருளாதார ஊக்கம் வலுவாக இருந்ததால் பலவீனமான தொழில்நுட்பம் வென்றுவிட்டது என்பதும், இழப்பு கடைசியில் வாடிக்கையாளர் தலையில் விழக்கூடும் என்பதும் அவர்களின் வாதம்.

கட்டாயமும் அதன் விளைவும்

பிற நாடுகள் வணிகரின் விருப்பத்துக்கு விட்டதை இந்திய ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2009 பிப்ரவரி 18 சுற்றறிக்கையின்படி, அட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத தகவல் ஒன்றைக் கொண்டு எல்லா இணைய அட்டைப் பரிவர்த்தனைகளையும் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும். நடைமுறைக்கு வந்த நாள் அதே ஆண்டு ஆகஸ்ட் 1. முதலில் நிலையான ரகசியச் சொல்லாக இருந்தது, பிறகு கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணாக, அதாவது ஓடிபியாக, மாறியது.

குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. ஊபர் போன்ற நிறுவனங்கள் இந்தியப் பயணியின் கட்டணத்தை வெளிநாட்டு வங்கி வழியாக வசூலித்து ஓடிபியைத் தவிர்த்தன. ரிசர்வ் வங்கி 2014 ஆகஸ்ட் 22இல் அந்த வழியை அடைத்து அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தது. ஊபர் அதன்பின் பேடிஎம் பணப்பைக்கு மாறியது.

சரிபார்ப்பு பயன் தருகிறது என்பதற்கு ஐரோப்பாவில் சான்று கிடைக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியும் ஐரோப்பிய வங்கி ஆணையமும் 2024இல் வெளியிட்ட கூட்டறிக்கையின்படி, பணம் பெறுபவர் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருக்கும்போது அட்டை மோசடி விகிதம் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். அப்பகுதிக்குள் கட்டாயமான வலுவான சரிபார்ப்பு வெளியே கட்டாயமில்லை. எல்லை கடந்த வணிகத்துக்கே உரிய வேறு ஆபத்துகளும் அந்த விகிதத்தில் கலந்திருக்கும். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. இந்திய அட்டைகளுக்கும் வெளிநாட்டுத் தளங்களில் இதே பலவீனம் இருந்துவந்தது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல்கள், வெளிநாட்டு வணிகர் கேட்டால் கூடுதல் சரிபார்ப்பைச் செய்துதரும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1க்குள் அமைக்கும்படி வங்கிகளுக்குச் சொல்கின்றன.

ஒவ்வொரு முறையும் தடுத்துக் கேட்டால் வியாபாரம் பாதியில் நிற்கும் என்பது வணிகர்களின் மறுப்பு. ஐரோப்பிய விதிகள் அதற்கு ஓர் அளவுகோலை வைத்தன. தன் மோசடி விகிதத்தை 0.13 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் கட்டணச் சேவை நிறுவனம், ஆபத்து குறைந்தது என்று கணித்த 100 யூரோ வரையிலான பரிவர்த்தனைகளுக்குக் கேள்வியைத் தவிர்க்கலாம், 0.06 சதவீதம் என்றால் 250 யூரோ, 0.01 என்றால் 500. 3டி செக்யூரின் இரண்டாம் பதிப்பு, கருவி, முகவரி, பழைய கொள்முதல் என நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களை வங்கிக்கு அனுப்பி இந்தக் கணிப்புக்கு உதவுகிறது. நல்ல நடத்தையால் ஈட்ட வேண்டிய சலுகை இது.

குறுஞ்செய்தியில் தவறும் கண்

திருடப்பட்ட அட்டை எண் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தியத் தளங்களில் இன்று பெரும்பாலும் வேலை நடப்பதில்லை. அவருக்கு அட்டைதாரரின் வாயும் வேண்டும். 'ரீஃபண்ட் வந்திருக்கு சார், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க' என்ற அழைப்பு அதற்குத்தான்.

அந்த நேரத்தில் வரும் குறுஞ்செய்தியைப் பார்த்தாலே பிரச்சினை விளங்கும். எத்தனை ரூபாய், எந்த வணிகர், யாரிடமும் சொல்லாதீர் என எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு. கைபேசியோ ஆறு இலக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து 'நகலெடு' என்று மேலே காட்டுகிறது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பெரியவர், காதில் ஒருவர் அவசரப்படுத்தும்போது, எண்ணைப் படிப்பாரா வாசகத்தைப் படிப்பாரா? கணினியைப் பொறுத்தவரை ஒப்புதல் தொகையோடு பிணைக்கப்பட்டுவிட்டது. அவர் மனதில் அது பணம் திரும்பி வரும் எண். குறுஞ்செய்தி செல்லும் பாதையிலும் ஓட்டை உண்டு: 2017இல் ஜெர்மனியில் தொலைபேசி வலையமைப்பின் எஸ்எஸ்7 பலவீனத்தைப் பயன்படுத்தி வங்கிக் குறியீடுகளைத் திருப்பிவிட்டுக் கணக்குகளைக் காலிசெய்தார்கள்.

இங்கேதான் பொறுப்புக் கேள்வி எழுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் பிழையில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. நிரூபிக்கும் சுமையை வங்கியின் மேல் வைத்தது. ஆனால் ரகசியத் தகவலைப் பகிர்ந்த அலட்சியம் என்றால், புகார் செய்யும்வரை முழு இழப்பும் அவருக்கே. ஓடிபி சரியாக இடப்பட்டிருந்தால் அதையே அலட்சியத்துக்குச் சான்றாகக் காட்டுவது வங்கிக்கு எளிது. 2025 வழிகாட்டுதல்கள் விதிமீறி நடந்த பரிவர்த்தனைக்கு வங்கி முழு ஈடு தர வேண்டும் என்கின்றன. விதிப்படி நடந்து, ஏமாற்றிப் பெற்ற ஓடிபியால் போன பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது.

பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரச் செய்து, செலவை இரு தரப்பு வங்கிகளுக்கும் சரிபாதியாகப் பிரித்திருக்கிறது. அது கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பும் பணத்துக்கான விதி. அட்டைக்கு அப்படியே பொருந்தாது. இழப்பில் பங்கு உண்டென்றால் வங்கி எச்சரிக்கையைச் செம்மையாக்கும் என்ற அதன் தர்க்கம் இங்கும் செல்லும். இந்தியாவுக்கு இரண்டு மாற்றங்கள் உடனடியாகச் சாத்தியம். வாடிக்கையாளர் தேர்ந்த மொழியில் தொகையையும் வணிகர் பெயரையும் முதல் வரியிலும் ஓடிபியைக் கடைசியிலும் தருவது ஒன்று. சரியான ஓடிபி மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது, எச்சரிக்கை அவருக்குப் புரியும் வடிவில் சென்றதை வங்கி காட்ட வேண்டும் என்று 2017 சுற்றறிக்கையைத் திருத்துவது மற்றொன்று.