மலாயாவின் மேலைக் கரையில் தமிழ்க் குடிகள்

மலாயாவிற் குடியேறிய தமிழ்மக்களுட் பெரும்பாலோர் பினாங்கு, கெடா, பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் முதலிய மேலைப் பகுதிகளிலேயே தங்கினர். கீழைக் கரையிலுள்ள கிளந்தான், திரங்கானு நாடுகளை அடைந்தோர் மிகச் சிலரே. மண்வளமே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது, கிளந்தான் நெல் விளையும் நன்னிலமாகும்.

நாகப்பட்டினத்துக் கப்பல்கள் பினாங்கிற் கரைசேர்ந்தன. ஈயச் சுரங்கங்களின்பொருட்டு 1885-இல் தைப்பிங்கில் தொடங்கிய இருப்புப்பாதை மேலைக் கரையிலேயே வளர, அதனை ஒட்டி இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கீழைக் கரைப் பாதையோ 1931-இலேதான் முற்றுப்பெற்றது. இடையே நெடுமலைத்தொடர் வேறு.

ஆயினும், பாதை மட்டும் மக்களை ஈர்த்துவிடாது. தோட்டத்தில் உழைத்த ஒருவனே கங்காணியாகித் தன் ஊருக்கு மீண்டு, உற்றாரையும் ஊராரையும் திரட்டிச் சென்றான். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி அவர்தம் கப்பற் கட்டணத்தை ஏற்றது. எனவே, ஓரூரார் பலர் ஒரே தோட்டத்தில் ஒருங்கு வாழ்ந்தனர். அறிந்த முகம் இருந்த இடமே அவர்க்கு நாடாயிற்று.

இதனைத் தம் விருப்பாற் செய்த தேர்வு என முற்றக் கூறுதற்கில்லை. வறுமை துரத்தச் சென்றோரும், கங்காணியின் ஆசைமொழியில் மயங்கிக் கடனிற் பிணிப்புண்டோரும் பலர். சாதிக் கொடுமையினின்று விலகச் சென்றோரும் இருந்தனர். அவர்தம் துயரை விடுத்து வாணிகச் செல்வர் பெருமையை மட்டும் எழுதுதல் வரலாறாகாது. உதவித்தொகை பெற்றுச் செல்லும் குடியேற்றத்தை 1938-இல் இந்திய அரசு தடுத்தது.

அதற்குள் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில்கள் எழுந்துவிட்டன. தைப்பூசத்திற்குப் பெருந்திரள் கூடும் பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையும் மேலைக் கரையிலேயே விளங்குதல் இக்குடியேற்றத்தின் வழிவந்ததேயாம்.