பள்ளி நம்மைத் தேர்ந்த காலமும் நாம் பள்ளியைத் தேரும் காலமும்

ஐந்து அகவை நிறைந்த குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் வினா இன்று நம் சமுதாயத்துப் பெற்றோர் யாவரிடமும் எழுகின்றது. கோடை விடுமுறைத் திங்கள்களில் திருப்பூரின் குடியிருப்புகளிலும், பனியன் கம்பெனிகளின் தேநீர் இடைவேளையிலும் இதுவே பேச்சாக இருக்கின்றது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியா, மாநகராட்சிப் பள்ளியா, ஆதிதிராவிடர் நலப்பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா, மெட்ரிக் பள்ளியா என்று அவர்கள் ஆசிரியப் பணியில் உள்ள நம்மை வினவுகின்றனர்.

இவ்வாறு வினவும் வாய்ப்பு நம் பாட்டன்மார்க்கு இருந்ததில்லை. அக்காலத்தில் பள்ளிதான் பிள்ளையைத் தேர்ந்தது. அதுவும் சாதி கேட்டே தேர்ந்தது. இன்று நம் முன் நிற்கும் பள்ளி வகைகள் ஒவ்வொன்றும் யாதேனும் ஒரு மறுப்பிற்கு விடையாகத் தோன்றியவை. அவற்றின் வரலாற்றை அறிந்தவர்க்கே அவற்றுள் ஒன்றைத் தேரும் தெளிவு பிறக்கும். ஆதலின் நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

மறுக்கப்பட்ட கதவும் தனிப்பள்ளிகளும்

திருப்பூர் 2009ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் நம் வரலாறு பெரும்பாலும் கோயம்புத்தூர் மாவட்ட வரலாறேயாகும். அக்கோயம்புத்தூரில் 1830ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் தன் பணியைத் தொடங்கியது. அரசும் பள்ளிகளை ஏற்படுத்தியது. எனினும் ஏட்டில் எல்லார்க்கும் திறந்திருந்த கதவு, நடைமுறையில் சிலர்க்கே திறந்திருந்தது.

இதற்கு இரட்டைமலை சீனிவாசனாரின் மாணவப் பருவமே சான்று. பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த அப்பெருமகனார் கோயம்புத்தூரில் கல்வி பயின்றவர். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அந்நாள்களை அவர் எழுதியுள்ளார். உடன் பயின்றோரில் மிகச் சிலர் தவிர ஏனையோர் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் யாருடனும் நட்புக் கொள்ளவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு திரும்புவார். கல்வி கிடைத்தது; ஆயினும் ஒரு சிறுவனுக்குரிய விளையாட்டும் தோழமையும் கிடைக்கவில்லை. பள்ளியை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

1892ஆம் ஆண்டையொட்டிச் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர், தாழ்த்தப்பட்டோரின் அவல நிலையை விளக்கி அரசுக்கு அறிக்கை அளித்தார். 1893இல் சென்னை அரசு இம்மக்களின் கல்விக்கெனத் தனிச் சலுகைகளை அறிவித்தது. 1894இல் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த கர்னல் ஆல்காட் அடையாறு அருகே முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அம்முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதரின் பங்கும் உண்டு. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். அருந்ததியர் தலைவரும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினருமாகிய எல்.சி. குருசாமி, பகலில் உழைக்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். நம் சங்கம் இத்தகையோர் விட்டுச் சென்ற பணியின் ஒரு சிறு கிளையேயாகும்.

1920களில் அரசின் தொழிலாளர் துறை நம் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. விடுதலைக்குப் பின் அவை அரிசன நலத்துறையின்கீழ் வந்தன. அவையே காலப்போக்கில் இன்றைய ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளாயின. இப்பள்ளிகளைத் தாழ்வாகப் பேசுவோர் நம்மிடையேயும் உளர். பிறர் கதவடைத்த காலத்தில் நமக்கு முதல் எழுத்தைக் கற்பித்தவை இவையே என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொதுப்பள்ளிக்கான போராட்டம்

தனிப்பள்ளி கிடைத்ததும் நம் தலைவர்கள் மனநிறைவு கொண்டுவிடவில்லை. அக்காலப் பொதுப்பள்ளிகள் பல, நம் மக்கள் நுழைய இயலாத அக்கிரகாரங்களிலும் கோயிற் சார்புகளிலும் அமைந்திருந்தன. அவற்றை அனைவரும் அணுகக்கூடிய இடங்களுக்கு மாற்ற வேண்டுமென 1919இல் அரசாணை பிறந்தது. பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றிய எம்.சி. ராஜா 1920இல் சட்டமன்றத்தினுள் அமர்ந்தார். 1922இல் இழிவான சாதிப் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசுப் பதிவேடுகளில் ஏறியது. பள்ளிப் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும் பிள்ளையின் மானத்தைச் சேர்ந்தது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அண்ணல் அம்பேத்கர் சாதாராப் பள்ளியில் தனியே ஒரு கோணிச் சாக்கில் அமர்ந்து பயின்றார் என்பது நாடறிந்த செய்தி. அவர் தலைமை ஏற்று உருவாக்கிய அரசியலமைப்புச் சட்டம் 17ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. 29ஆம் பிரிவு, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் சாதி காரணமாக எவரையும் சேர்க்க மறுத்தலைத் தடுத்தது. ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்க நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைப்பது சமத்துவம் ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. பிரித்து வைத்தலே பிஞ்சு உள்ளத்தில் தாழ்வெண்ணத்தை விதைக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தமிழகத்தில் 1953இல் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகளைத் தந்தையின் தொழிலில் பழக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. குலக்கல்வித் திட்டம் எனக் கண்டிக்கப்பட்ட அது, 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் கைவிடப்பட்டது. அது நிலைத்திருப்பின், தோட்டி வேலையும் செருப்புத் தொழிலும் பண்ணை வேலையுமே நம் பிள்ளைகளின் பிற்பகற் பாடமாகியிருக்கும். 1956இல் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது, 1982இல் சத்துணவாயிற்று, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இவற்றால் பசி தீர்ந்தது ஒரு பயன். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்டது அதனினும் பெரும் பயன்.

எனினும் அப்பந்திக்கும் எதிர்ப்பு ஓயவில்லை. 2018இல் நம் மாவட்டத்து அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியப் பெண்மணி ஒருவர் பள்ளியில் சத்துணவு சமைத்தலை ஆதிக்க சாதியினர் சிலர் தடுத்தனர். அவருக்கு முதலில் கிடைத்தது இடமாற்றம். நம் மக்களும் பிற முற்போக்கு இயக்கத்தாரும் போராடிய பின்னரே அவ்விடமாற்றம் நீக்கப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. பொதுப்பள்ளி தானாகப் பொதுவாகிவிடாது. அதைப் பொதுவாக வைத்திருக்க நாம் விழித்திருத்தல் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

பனியன் நகரில் பள்ளி இழந்தோர்

1970களின் இறுதியில் திருப்பூர்ப் பனியன் அயல்நாடுகளுக்குச் செல்லத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் நகரம் பன்மடங்கு வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் பத்துப் பன்னிரண்டு அகவைச் சிறார் பலர் கைமடி வேலைக்கும், பிசிறு வெட்டவும், துணி அடுக்கவும் சென்றனர். சனிக்கிழமைச் சம்பளம் வீட்டிற்கு வந்தது. பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. ஐந்து ஆண்டு சென்றும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்குப் பள்ளியினும் கம்பெனியே பயனுடையதாகத் தோன்றியது. சிறுவயதில் தவறிய பள்ளியே பின்னர்ச் சிறுவனைத் தொழிலுக்கு அனுப்பிற்று.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. 1996இல் சிவகாசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையைப் பணியில் அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்க்கெனச் சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியை உரிமையாக்கியது. அன்று பள்ளி இழந்த கைமடிச் சிறார்தாம் இன்றைய பெற்றோர். தம் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது அவர்கள் காட்டும் பதற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

மெட்ரிக் பள்ளிகளின் பெருக்கம்

மெட்ரிக் பள்ளிகள் ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்களின்கீழ் மிகச் சிலவாகவே இருந்தன. 1970களின் பிற்பகுதியில் மாநில அரசு அவற்றிற்கெனத் தனி வாரியம் அமைத்த பின், 1980கள் தொட்டு ஊர்தோறும் பெருகின. கழுத்துப்பட்டையும் காலணியும் அணிந்து வேனில் ஏறும் பிள்ளையைக் கண்டு நம் பெற்றோரும் ஆசை கொண்டனர். இதனை வீண் பகட்டு என்று இகழ்தல் முறையன்று. பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது தம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமென விரும்புவது சமத்துவ வேட்கையேயாகும். மேலும் தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்ட், அஃதாவது பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் இவ்வூரில், வாயிலுக்கு வரும் வேன் ஒரு பெரிய உதவி என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆயினும் அன்று இருந்த நிலை இன்று இல்லை. 2010இன் சமச்சீர்க் கல்விச் சட்டமும் 2011இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தபின், மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடம் ஒன்றே. தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிவுற்றோர்க்கு ஒதுக்குமாறு கல்வி உரிமைச் சட்டம் பணிக்கின்றது.

பள்ளி வகை பிற்காலத்தில் விளைக்கும் பயனையும் பெற்றோர் அறிதல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆதிதிராவிடர் நலப்பள்ளி மாணவரும் இதற்கு உரியோர். தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இன் திருத்தம் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே அமைய வேண்டுமென வலியுறுத்தியது. முதல் வகுப்பில் எழுதும் சேர்க்கைப் படிவம், இருபது ஆண்டு கழித்து எழுதும் வேலை விண்ணப்பத்தையும் தொடுகின்றது.

தேர்வுக்குரிய அளவுகோல்

இவ்வரலாற்றிலிருந்து இளங்குழந்தைக்குப் பள்ளி தேர்வதற்கான அளவுகோல் சிலவற்றைப் பெறலாம்.

முதலாவது, அண்மை. தாயோ பாட்டியோ நடந்து சென்று சேரக்கூடிய தொலைவில் பள்ளி இருத்தல் நன்று. இரண்டாவது, எழுத்தறிவு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேட்டால், அப்பள்ளியின் தரம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். மூன்றாவது, மானம். நம் பிள்ளை எவ்விடத்தில் அமர்கின்றது, எக்குழாயில் நீர் அருந்துகின்றது, யார் அருகில் உண்கின்றது, கழிவறையைத் தூய்மை செய்யும்படி ஏவப்படுகின்றதா என்பவற்றைப் பெற்றோர் நேரிற் சென்று காணுதல் வேண்டும். நான்காவது, தொடர்ச்சி. மூன்று ஆண்டு கட்டணம் செலுத்தி, ஆர்டர் குறைந்த ஆண்டில் செலுத்த இயலாது, நடுவில் பிள்ளையை மாற்றுதல் அதன் மனத்தை முறிக்கும். ஆதலின் மோசமான ஆண்டின் வருவாயைக் கொண்டே கட்டணத்தைக் கணக்கிடுதல் அறிவுடைமை.

ஐந்தாவதே தலையாயது. அஃது கேள்வி கேட்கும் உரிமை. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும், நலிவுற்ற பிரிவினர்க்கு உரிய பங்கு தரப்பட்டும் இருத்தல் வேண்டுமெனக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகின்றது. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இக்கட்டாயம் இல்லை. அரசுப் பள்ளியில் ஓவர்லாக் தைக்கும் நம் தாய்மாரும் ஆசிரியருக்கு எதிரில் நாற்காலியில் அமர்ந்து கணக்குக் கேட்கலாம். வகுப்பிற்கு வெளியே மணி அடிக்கும்வரை காத்து நின்ற இரட்டைமலையாரின் சந்ததி அடைந்த பேறு இஃது.

ஆகவே, அருகில் நல்ல அரசுப் பள்ளி இருப்பின் அதுவே இளங்குழந்தைக்கு ஏற்றது என்பது நம் கருத்து. அப்பள்ளி நன்றாக இல்லையெனில், நாம் அனைவரும் அதைவிட்டு வெளியேறினால் அது மேலும் நலியும். எஞ்சியிருக்கும் மிக ஏழைப் பிள்ளைகள் கேட்பாரற்றுப் போவர். ஆயினும் சாதி இழிவு நிகழ்ந்து, முறையிட்டும் தீராத பள்ளியில் எக்குழந்தையையும் இருத்த வேண்டியதில்லை. பொதுக் கொள்கையின் பொருட்டு ஒரு பிஞ்சைப் பலியிடுதல் அறமன்று. அத்தகைய நிலையில் 25 விழுக்காட்டு இடத்தை உரிமையோடு கேட்டுப் பெறுக.

ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. 2024இல் நீதியரசர் சந்துரு குழு பள்ளிப் பெயர்களில் சாதிச் சொல் நீங்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பெயர் மாறட்டும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கு வந்து பயிலட்டும். நம் மக்களுக்கென வழங்கப்பட்ட நிலமும் கட்டடமும் நிதியும் மட்டும் கைநழுவாதிருத்தல் வேண்டும்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உதவித்தொகையும் மாலை வகுப்பும் நடத்தி வருகின்றது. இனி அது ஒவ்வொரு குடியிருப்பிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிற்கு நம் தாய்மாரை அனுப்பி, அவர்களுக்குச் சட்டம் கற்பிக்கும் பணியையும் மேற்கொள்ளுதல் வேண்டும். பள்ளி நம்மைத் தேர்ந்த காலம் முடிந்தது. தேர்ந்த பள்ளியை நம் பிள்ளைகளுக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்ளும் பொறுப்பு இனி நம்முடையது. வாழ்க நம் சங்கம்! வளர்க நம் இளஞ்செல்வங்கள்!