மும்மடி டெஸ்

விம்கோ நகர் ஏடிஎம்மில் சம்பள நாளன்று அழுத்தப்படும் நான்கு இலக்க ரகசிய எண், விசைப்பலகைக்குள்ளேயே மறையாக்கம் ஆன பிறகுதான் வங்கிக்குப் போகிறது. உலகெங்கும் ஏடிஎம்கள் இதற்கு நெடுங்காலம் நம்பியது மும்மடி டெஸ் முறையை. அதன் அடிப்படை, 1977இல் அமெரிக்கத் தரமான டெஸ் முறை; அதன் சாவி 56 பிட்தான். 1998இல் தனிக் கருவி ஒன்று அதை மூன்று நாளுக்குள் உடைத்தது. இரு சாவிகளால் இருமுறை மறைத்தால் போதாதா? போதாது. தெரிந்த மூலச்செய்தியை ஒரு பக்கம் மறைத்தும், மறைசெய்தியை மறுபக்கம் விடுவித்தும் நடுவில் ஒப்பிட்டால், 112 பிட் உழைப்பு ஏறத்தாழ 57 பிட்டாகச் சுருங்கிவிடும். அதற்கு ஏராளமான நினைவகம் வேண்டுமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் நினைவகம் மலிந்துகொண்டே வருகிறது. ஆகவே மூன்று சுற்று: மறைத்தல், விடுவித்தல், மறைத்தல். மூன்று சாவியும் ஒன்றானால் பழைய டெஸ்ஸே கிடைக்கும்; பழைய கருவிகளோடு பேச இதுவே வழி, கெட்டிக்கார ஏற்பாடு. சாவி 168 பிட் என்றாலும் உண்மைப் பலம் 112 பிட்தான்.

சாவி நீண்டாலும், ஒரு தடவையில் மறைக்கப்படும் தரவுத் தொகுதி 64 பிட்டாகவே நின்றது. ஒரே சாவியில் சுமார் 32 ஜிபி தரவு போனால் தொகுதிகள் மோதத் தொடங்கும். 2016இல் ஸ்வீட்32 தாக்குதல் இதை நடைமுறையில் காட்டியது. ரகசிய எண் ஒரே தொகுதிக்குள் அடங்குவதால் ஏடிஎம்முக்கு இந்த ஆபத்து குறைவு. ஆயினும் 2023க்குப் பின் புதிய மறையாக்கத்துக்கு மும்மடி டெஸ்ஸை அமெரிக்கத் தர நிறுவனம் அனுமதிப்பதில்லை; அந்த இடம் ஏஇஎஸ் முறைக்குப் போய்விட்டது.