கூடிப் பாடிய குரல்கள் எங்கே?

யூபிலி விழாக் காணும் ஒரு பங்கு, தான் எழுப்பிய ஆலயத்தையும் பள்ளியையும் எண்ணி மகிழ்வது இயல்பு. கல்லும் காரையும் தம் வரலாற்றைத் தாமே நின்று சொல்லும். குரலுக்கு அந்தப் பேறு இல்லை. பாடியவர் மறைந்தால் பாட்டும் காற்றோடு போகும். ஆகவே, கம்பம் பள்ளத்தாக்கில் கூடிப் பாடிய குரல்களின் கதையை இம்மலரில் சிறிது எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

1895-இல் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. நம் பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் செழித்தன. வயல் இருந்த இடத்தில் நடவுப் பாட்டும் இருந்தது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். கும்மியும் ஒயிலும் அப்படியே. இவற்றில் பாடுவோர் பலராயினும் மெட்டு ஒன்றே. கருநாடக இசையும் ஒற்றை மெட்டின் அழகை நுணுகி வளர்த்த இசைதான்.

மேலைநாட்டில் வேறொரு வழி வளர்ந்தது. ஒருவர் 'ச' என்று நிற்க, இன்னொருவர் 'க' என்றும், மூன்றாமவர் 'ப' என்றும் ஒரே நேரத்தில் பாடுவர். மூன்றும் கலந்து நான்காவதாக ஓர் இனிமை பிறக்கும். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று குரல்களைப் பிரித்துப் பாடும் முறை இதிலிருந்து எழுந்ததே. தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் சுரத்தையும் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். அடுத்தவரைக் கேளாதவர் இந்த இசையைப் பாட முடியாது.

பண்ணைப்புரத்துச் சகோதரர்கள்

நம் பகுதியில் கூடிப் பாடுவதற்குப் பெரும் பெயர் தேடித் தந்தவர்கள் பாவலர் சகோதரர்கள். மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடியவர். மக்கள் வாயிலிருந்த மெட்டை எடுத்து, மக்கள் துயரைச் சொல்லாக்கி, அவர்களிடமே திருப்பித் தந்தவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ் மக்களிடையே அவர் பாடிய பாட்டுகள் இன்றும் பேசப்படுகின்றன. அத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

அந்தக் குழுவில் தம்பியர் பாஸ்கர், இராசையா, அமர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்தனர். குரல் உடையாத வயதில் பெண் குரல் பாட்டுகளைப் பாடிய இராசையா, பின்னர் ஆர்மோனியத்தில் அமர்ந்தார். மாட்டு வண்டியிலும் பேருந்திலும் ஊர் ஊராகச் செல்வதும், பொட்டலில் மேடை கட்டி விடியவிடியப் பாடுவதும் அக்காலக் குழுக்களின் வாழ்வு. இசைக் கல்லூரி காணாத பிள்ளைகளுக்கு அந்தக் குழுவே கல்லூரியாயிற்று.

1960-களின் இறுதியில் தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டனர். 1973-இல் வரதராசன் மறைந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்து, இராசையா இளையராஜாவாக நாடெங்கும் அறிமுகமானார். கங்கை அமரனும் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உயர்ந்தார். சகோதரர்கள் வென்றார்கள், ஆனால் பொட்டல் மேடைக் குழு மீண்டும் பழையபடி ஊருக்கு வரவில்லை.

எனினும் குழுவில் வளர்ந்த காது வீண்போகவில்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைக் கற்ற இளையராஜா, பல குரல்களைப் பின்னும் கலையைத் திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 'சிட்டுக்குருவி' (1978) படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பாடிய ஒரு பாட்டில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வேறு வேறு வரிகளைப் பாடுகின்றன. 'பகல் நிலவு' (1985) படத்தில் அவரும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டும் அத்தகையதே. டீக்கடையில் இவற்றைக் கேட்டுத் தலையசைத்த நம்மவர் பலருக்கு அதன் இலக்கணம் தெரியாது. இனிமை மட்டும் தெரிந்திருந்தது.

இதே காலத்தில் சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், தாம் தொடங்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கொண்டு பாரதியார் பாட்டுகளைப் பல குரல்களில் பாடவைத்தார். திரைப்படப் பின்னணி இல்லாத சாதாரண இளைஞரும் தமிழைச் சேர்ந்திசையாகப் பாட முடியும் என்று காட்டிய அவர் 1988-இல் மறைந்தார்.

ஒருவரே பலராகும் விந்தை

குழுப் பாட்டு குன்றியது நம் நாட்டில் மட்டும் அன்று. அமெரிக்காவில் 1930-களிலும் 40-களிலும் மில்ஸ் சகோதரர்களும் ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் வானொலியை ஆண்டனர். 1960-களில் பீட்டில்ஸும் பீச் பாய்ஸும் பல குரல் இன்பத்தை உலகெங்கும் பரப்பினர். பின்னர் மெல்லமெல்லத் தனிப் பாடகர்களே முன்னே வந்தனர்.

இதற்குச் சுவை மாறியது ஒரு காரணம். செலவு இன்னொரு காரணம்: நால்வர் பாடினால் வருவாயை நான்காகப் பங்கிட வேண்டும், பயணமும் உணவும் நான்கு மடங்கு. மூன்றாவது காரணம் பொறி. 1951-இல் லெஸ் பால் என்ற கிதார் கலைஞர், தம் மனைவி மேரி ஃபோர்டின் ஒரே குரலைப் பலமுறை பதிந்து அடுக்கி இசைத்தட்டு வெளியிட்டார். கேட்டவர்க்கு ஒரு குழுவே பாடியதாகத் தோன்றியது! 1975-இல் இங்கிலாந்தின் குவீன் குழுவில் மூவர் திரும்பத் திரும்பப் பாடிப் பெரும் பாடகர் கூட்டத்தின் ஓசையை உண்டாக்கினர். 1997-இல் பிசகிய சுரத்தைத் தானே திருத்தும் 'ஆட்டோடியூன்' என்னும் கணினிக் கருவியும் வந்தது.

நம் திரை உலகிலும் அதுவே நிகழ்ந்தது. முன்பு பாடகரும் வாத்தியக்காரரும் கோரஸ் பாடுவோரும் ஒரே கூடத்தில் ஒன்றாகப் பாடினால்தான் பாட்டு பதிவாகும். ஒருவர் பிசகினால் எல்லாரும் மீண்டும் தொடங்க வேண்டும். பல தடப் பதிவு வந்தபின் அவரவர் வேறு வேறு நாளில் வந்து பாடிச் செல்ல வழி பிறந்தது. சிலரின் குரலை அடுக்கினால் பலராயிற்று. கீபோர்டில் விசையை அழுத்தினால் கூட்டுக்குரலே வந்தது. பாட்டின் செழுமை குறைந்ததென்று நாம் சொல்லவில்லை. சிட்டுக்குருவிப் பாட்டின் அழகும் குரல்மேல் குரல் பதியும் அந்த வித்தையால் வந்ததுதான். ஆனால் கூடி நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே மூச்சில் பாடும் பழக்கத்தை அந்தப் பொறி விலையாக வாங்கிக்கொண்டது.

நம் ஆலயப் பாடகர் குழு

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலத்தீன் திருப்பலிக் காலத்தில் கிரகோரியன் பாடல் ஒற்றை மெட்டில் ஒலித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், மக்கள் பாட வேண்டும் என்றும், பாடகர் குழுக்களை ஊக்கத்துடன் வளர்க்க வேண்டும் என்றும் பணித்தது. தமிழ்ப் பாடல்கள் பெருகின. 1977-இல் தொடங்கிய திருச்சி கலைக்காவிரியின் பாடல்கள் கேசட்டுகள் வழியே சிற்றூர் ஆலயங்களையும் எட்டின.

கேசட்டால் நன்மை மிகுதி. ஆயினும் அதைக் கேட்டுக் கற்றவர்கள் முன்குரல் மெட்டை மட்டுமே கற்றனர். பின்னே ஒலித்த துணைக்குரல்களைக் கற்பிக்க ஆளில்லை. அடுத்துக் கீபோர்டு வந்தது. தாளமும் அதிலேயே வந்தது. இன்று பின்னணி இசையை ஓடவிட்டு மைக் பிடித்து ஒருவர் பாட, மற்றவர் கேட்டு நிற்கும் நிலையும் உண்டு. வயலில் வாங்கிப் பாடிய பாட்டிமார்களின் பேரப் பிள்ளைகள் கோவிலில் வாய் மூடி நிற்பது முறையாகுமா?

2005-இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளிவந்தது நினைவிருக்கலாம். அதைத் தமிழ் மையத்தின் வழியாக முன்னின்று நடத்தியவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் அடிகள். ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் இசைக்குழு வாசிக்க, மேலைநாட்டுச் சேர்ந்திசைக் குரல்களும் மாணிக்கவாசகரின் சொற்களோடு கலந்தன. அந்நாடுகளில் வெகுமக்கள் இசையில் குழுக்கள் குன்றியபோதும் சேர்ந்திசை அழியவில்லை. காரணம், பள்ளியும் கோவிலும் அதைக் கைவிடவில்லை. சந்தை கைவிட்டதைப் பள்ளியும் பீடமும் காப்பாற்றின.

அன்பார்ந்த பங்கு மக்களே! நமக்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஓர் ஆர்மோனியம், வாரம் ஒரு மாலை, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர், பத்துப் பிள்ளைகள் போதும். தெரிந்த ஒரு பாட்டின் பல்லவியை எடுத்து, பாதிப் பேர் மெட்டையும் பாதிப் பேர் அதற்கு மூன்றாம் சுரத்தையும் பாடப் பழகட்டும். முதல் மாதம் குழறும். இரண்டாம் மாதம் ஒருவர் மற்றவர் மெட்டுக்கு இழுபடுவர். மூன்றாம் மாதம் ஒரு நாள் இரண்டும் கூடி இனிக்கும். அன்று அப்பிள்ளைகள் கற்பது இசை மட்டுமன்று. தன் குரலை இழக்காமலும் பிறர் குரலை அமுக்காமலும் வாழ்வதையும் கற்பார்கள். ஒரு பங்கு என்பதும் அதுதானே?

பண்ணைப்புரத்து மண்ணில் அண்ணன் பாட, தம்பியர் கற்றனர். அந்த மண் இன்னும் இங்கேதான் இருக்கின்றது. அடுத்த யூபிலி மலரை எழுதுவோர், பல குரலில் பாடும் பிள்ளைகளைப் பற்றி எழுதும் பேறு பெறுவார்களாக!