கடல்வழி காட்டும் கருவியைத் தெரிதல்

வலப்பனையின் தேயிலைச் சரிவுகளில் வாழ்வோருக்குப் பாய்க்கப்பலின் கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழமையானது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா என்னும் பயணி, சிவனொளிபாத மலையை ஒன்பது நாட்பயணத் தொலைவிலேயே புகைத்தூண்போலக் கடலிலிருந்து கண்டதாக எழுதி வைத்தார். 2,243 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு அப்பால் புவியின் வளைவில் மறைந்துவிடுமாதலின், அக்கூற்றிலே மிகை உண்டு. ஆயினும் கரையை நாடிவரும் மாலுமிக்கு மலையே முதல் வழிகாட்டியாயிருந்தது என்பதில் ஐயமில்லை. மேலும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பெற்ற மக்களுட் பலர், தமிழகக் கரையிலிருந்து மன்னார்க் கரைக்குத் தோணிகளிலேதான் கடல் கடந்தனர். மணற்றிட்டுகள் நிறைந்த அச்சிறு கடலில் அவர்தம் உயிர் தோணியோட்டியின் வழியறிவைச் சார்ந்திருந்தது. எனவே இப்பொருள் மலைநாட்டாருக்கு அந்நியமானதன்று.

கரை மறைந்தபின் மாலுமி எதனைக் கொண்டு வழியறிந்தான்? சோழமண்டலக் கரைத் தண்டையல்மார் 'இராப்பலகை' என்னும் எளிய கருவியைக் கையாண்டனர். நீள்சதுரமான சிறு மரப்பலகை, அதன் நடுவே கோத்த ஒரு கயிறு, கயிற்றிலே முடிச்சுகள். இரவிலே கயிற்றைப் பல்லிற் கடித்து, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடுமாறு பிடிப்பர். எந்த முடிச்சிலே அவ்வாறு பொருந்துகின்றதோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்க்கோட்டிற்குக் கப்பல் வந்துவிட்டது என்பது பொருள். பருத்தித்துறையிலே துருவ மீன் ஏறத்தாழப் பத்துப் பாகை உயரத்தில் நிற்கும். நாகப்பட்டினத்திலோ அதனினும் ஒரு பாகை அளவு மேலே நிற்கும். இச்சிறு வேறுபாடே அறுபது கடல்மைல் வடக்கு தெற்குத் தூரத்தை உணர்த்தியது. காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர், இக்கரை மாலுமிகளின் இத்தகைய உபாயங்களை 1850ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து வெளிவந்த சஞ்சிகையொன்றிலே விவரித்துள்ளார்.

இக்கருவியின் சிறப்பும் குறையும் ஒன்றே: முடிச்சிட்ட ஊர்களை மட்டுமே அது அறியும். கிழக்கு மேற்குத் தூரத்தை அது சொல்லாது. மேகம் மூடினால் ஊமையாகிவிடும். ஆனால் அதனைப் பிடித்த தண்டையல் இவ்வெல்லையை நன்கறிந்திருந்தான். முடிச்சுகளின் பொருள் முழுவதும் அவனுக்குத் தெரியும்.

வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலின் கதையை ஈண்டு நினைவுகூரலாம். அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கி, 'புளோறென்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சுயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் மாகடலையும் கடந்து, 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. அத்துறையிலே துருவ மீன் நாற்பத்திரண்டு பாகைக்கும் மேலே நிற்கும். வங்கக் கடலுக்கென இட்ட முடிச்சு எதுவும் அங்கே உதவாது. அறியாத கடலுக்குச் செல்வோனுக்குப் பிறர் அளந்து வரைந்த கடற்படமே துணை. இங்கேதான் பெரியதொரு மாற்றம் நிகழ்கின்றது: மாலுமி தன் அறிவை மட்டுமன்றி, தான் காணாத ஒருவர் செய்த அளவையையும் நம்ப வேண்டியவனாகிறான்.

அந்நம்பிக்கையின் உச்சமே, இன்று 'சார்ட் புளொட்டர்' என வழங்கும் திரைக்கருவி. 1978இல் முதற்செய்ம்மதி ஏவப்பெற்று, 1995இல் நிறைவெய்திய ஜீ.பீ.எஸ். முறை, கப்பலின் இடத்தை வானிலிருந்து அறிவிக்கின்றது. குடிமக்களுக்குரிய குறிப்புகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு நீக்கியபின், இடக்குறிப்புச் சில மீட்டர் அளவுக்கு நுட்பமாயிற்று. திரைக்கருவி அவ்விடத்தைக் கடற்படத்தின்மேல் ஒரு சிறு படகுருவாகக் காட்டுகின்றது. மேகமும் இருளும் அதற்குத் தடையல்ல.

ஆயின் இடம் சரியாயிருப்பது வேறு, படம் சரியாயிருப்பது வேறு. பல கடற்பகுதிகளின் ஆழங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளக்கப்பட்டவை. பழைய அளவைகளின் ஆதாரப் புள்ளியும் செய்ம்மதியின் ஆதாரமும் வேறுபடுமிடத்து, பாறை நூற்றுக்கணக்கான மீட்டர் விலகித் தோன்றுதலும் உண்டு.

2014 நவம்பர் 29ஆம் நாள் இரவு, உலகைச் சுற்றும் போட்டியில் ஓடிய 'வெஸ்ராஸ் விண்ட்' என்னும் பாய்க்கப்பல், மொறீசியசுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் என்னும் பவளத்திட்டிலே மோதியது. உயர்ந்த கருவிகள் அதில் இருந்தன; தேர்ந்த மாலுமிகளும் இருந்தனர். எனினும் பெரும்பரப்பைக் காட்டும் நிலையில் திரை இருந்தபோது, அத்திட்டின் அபாயம் அதில் விளங்கவில்லை. உருவைப் பெருக்கிப் பார்த்திருப்பின் பாறை தெரிந்திருக்கும். ஒன்பதின்மரும் உயிர்பிழைத்தனர் என்பது ஆறுதல்.

ஆகவே பாய்க்கப்பலுக்குத் திரைக்கருவி தெரிவோன், திரையின் அகலத்தையும் விலையையும் நோக்குமுன், அதனுட் பொதிந்த படத்தை ஆராய்தல் வேண்டும். தான் செல்லும் கடலை அது எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகின்றது? எப்போது திருத்தப்பட்டது? சிறு அளவிற்குச் சுருக்கும்போது எவை மறைகின்றன? இவற்றின் பின்னரே ஏனையவை: வெயிலிலும் திரை விளங்குதல்; நனைந்த கையாலும் இயக்கத்தக்க பொத்தான்கள்; மின்கலத்தை விரைவில் வற்றச் செய்யாமை. பாயால் ஓடும் கப்பலில் மின்சாரம் அளவோடு கிடைப்பதாதலின், இக்கடைசிப் பண்பு சிறிதன்று. எக்கருவி வாங்கினும் காகிதக் கடற்படமும் காந்தத் திசைகாட்டியும் உடனிருத்தல் நன்று.

இப்பாடம் கடலோடு நிற்பதன்று. 2007 சனவரியிலே வலப்பனைப் பகுதி மண்சரிவுகளால் துயருற்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை ஐம்பதினாயிரத்தில் ஒன்று, பதினாயிரத்தில் ஒன்று ஆகிய இரு அளவுகளில் வரைபடமாக்கி வருகின்றது. முதலாவதிலே ஒரு சென்றிமீட்டர் அரைக் கிலோமீட்டரைக் குறிக்கும்; ஒரு லயன் வரிசை அதிலே புள்ளியளவும் இராது. இரண்டாவதிலே ஒரு சென்றிமீட்டர் நூறு மீட்டரே. தம் லயனுக்கு மேலுள்ள சரிவு எவ்வளவில் வரையப்பட்டது என்று கேட்டறிவது குடியிருப்போரின் உரிமை.

கயிற்றின் முடிச்சாயினும், ஒளிரும் திரையாயினும், அரசாங்கத்தின் வரைபடமாயினும், அது காட்டுவதை அறிவதோடு காட்டாததையும் அறிந்தவனே அதனை நன்கு பயன்படுத்துவான். இராப்பலகையைப் பிடித்த தண்டையலிடம் இருந்த அவ்வறிவு, இன்று கருவி வாங்குவோரிடமும் இருத்தல் வேண்டும்.